ஸ்கேனர்ல சிசிடி, சிஐஎஸ் எண்டா என்ன வித்தியாசம்?

ரெண்டும் கண்ணாடிக்குக் கீழ ஓடி ஓடி தாளைப் பார்க்கிற கண்தான். சிஐஎஸ்ல அந்தக் கண் தாளின்ட அகலத்துக்கே இருக்கும், கண்ணாடிக்கு நல்லாக் கிட்ட, சிவப்பு பச்சை நீல எல்இடி மாறி மாறி எரியும், அதால ஸ்கேனர் மெல்லிசு, யூஎஸ்பி கரண்டே காணும். சிசிடில கண் சின்னன், முகம் பார்க்கிற கண்ணாடியும் லென்ஸும் வெச்சு படத்தைச் சுருக்கி அதுல விழுத்துறது, பெட்டி தடிப்பா இருக்கிறது அதுக்குத்தான்.

எங்கட அம்மம்மா பேப்பரை மூக்குக்குக் கிட்ட வெச்சு வாசிப்பா, கொஞ்சம் தள்ளினா மங்கல், சிஐஎஸ்ஸும் அப்பிடித்தான். மட்டக்களப்புல கோயில் பழைய கணக்குக் கொப்பி ஒண்டு ஸ்கேன் பண்ணினன், நடு மடிப்பு கண்ணாடியில படாமத் தூக்கி நிண்டு எழுத்தெல்லாம் கலங்கிப்போச்சு, சிசிடியில தெளிவா வந்துது. தனித் தாளுக்கு சிஐஎஸ் தாராளம்.

டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி எண்ட கணக்கு, அதைக் கூட வெச்சா மடிப்பும் தெளியும் எண்டு கனபேர் நினைக்கிறாங்க, இல்ல, கலங்கினதுதான் பெரிய ஃபைலா வரும்.