சிப்பியில் இருக்கும் கிருமிக்கு நம்மைத் தெரியாது

கே: கடலில் வாழும் பாக்டீரியா மனிதக் குடலைத் தாக்க எப்படிக் கற்றுக்கொண்டது?

ப: நமக்காக அது எதையும் கற்கவில்லை என்பதே என் கருத்து. கடல்நீரில் பாக்டீரியாவைத் தின்னும் ஒருசெல் உயிர்கள் ஏராளம். சிப்பி, மீன் வழியே நம் குடலுக்கு வரும் விப்ரியோ பாராஹீமோலைட்டிகஸ் என்ற பாக்டீரியாவிடம் ஊசி மாதிரி ஓர் அமைப்பு உண்டு. எதிரிச் செல்லுக்குள் புரதத்தை நேரே செலுத்திவிடும். தின்ன வருபவற்றிடம் தப்பிக்க உதவும் அந்த ஊசிதான் நம் குடலிலும் வேலை காட்டுகிறது.

கே: அப்படியானால் எல்லா விப்ரியோவும் ஆபத்தானதா?

ப: இல்லை. 1950இல் ஒசாகாவில் குட்டி மீன்களைத் தின்ற 272 பேர் நோயுற்று 20 பேர் இறந்தபோதுதான் பாராஹீமோலைட்டிகஸ் கிருமியே கண்டுபிடிக்கப்பட்டது. நோயாளிகளிடம் கிடைக்கும் கிருமிகளில் பெரும்பாலும் ரத்த அணுக்களை உடைக்கும் ஒரு நச்சின் மரபணு இருக்கும். கடலில் எடுத்தவற்றில் பெரும்பாலும் இருக்காது.

கே: அந்த மரபணு எங்கிருந்து வருகிறது?

ப: எனக்குப் பிடித்த கேள்வி. இன்னொரு விப்ரியோவான காலரா கிருமியைப் பாருங்கள். இறால், நண்டு வகை உயிர்களின் ஓட்டில் உள்ள கைட்டின் என்ற பொருளின் மேல் ஒட்டியதும், வெளியே கிடக்கும் டி.என்.ஏ.வை உள்ளே இழுக்கும் திறன் அதற்கு விழித்துக்கொள்கிறது. இது 2005இல் தெரியவந்தது. பக்கத்துக் கிருமியைக் குத்திக் கொன்று, சிதறும் டி.என்.ஏ.வையும் எடுத்துக்கொள்ளும். கொலையும் கொள்ளையும் ஒரே மூச்சில்! காலராவின் நச்சு மரபணுவோ வேறு வழியில் வந்தது: பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் அதைச் சுமந்து வந்ததாக 1996இல் காட்டினார்கள். அதே ஆண்டு கொல்கத்தாவில் பாராஹீமோலைட்டிகஸின் O3:K6 என்ற புது வகை தலைகாட்டியது. முன்பு இல்லாத சில மரபணுத் தொகுதிகளோடு வந்த அது, பிறகு ஆசியாவைத் தாண்டி அமெரிக்கக் கண்டங்களுக்கும் பரவியது.

கே: வேகவைக்காத பச்சைச் சிப்பியில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் போதுமா?

ப: போதாது. உறையவைத்தாலும் எல்லாம் சாகாது. நன்றாக வேகவையுங்கள்.

கே: கல்லீரல் நோயாளிகளுக்கு ஏன் தனி எச்சரிக்கை?

ப: சிப்பியில் இருக்கும் இன்னொரு விப்ரியோவான வல்னிஃபிகஸுக்கு இரும்புச்சத்து என்றால் உயிர். ஆரோக்கியமான உடல் இரும்பைப் புரதங்களில் பூட்டி வைக்கும். கல்லீரல் கெட்டவர்களிடம் அந்தப் பூட்டு தளர்ந்திருக்கும்; கிருமி ரத்தத்தில் நுழைந்தால் மிக வேகமாகப் பெருகும். இவர்கள் பச்சைச் சிப்பியைத் தொடவே வேண்டாம்.

கே: கடல் சூடாவதால் நிலைமை மோசமாகுமா?

ப: ஆகிறது. 2004 கோடையில் அலாஸ்காவில் பச்சைச் சிப்பி தின்ற சுற்றுலாக் கப்பல் பயணிகள் நோயுற்றார்கள். சிப்பிப் பண்ணையில் நீரின் வெப்பம் 15 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தது. இவ்வளவு குளிர்ந்த நீரில் பாராஹீமோலைட்டிகஸ் வராது என்று அதுவரை நம்பியிருந்த இடம் அது.