ஒரு வாணலி, ஐந்து மசாலா: விடுதிக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, இரண்டு மாதமாக ரொட்டியும் உடனடி நூடுல்ஸுமாகப் போகிறது என்றும், சமைத்துப் பழக்கமில்லை, பொதுச் சமையலறையில் நிற்கவே கூச்சமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எந்த மூலிகை, எந்த மசாலா உடம்புக்கு நல்லது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் மாணவனாக வந்து இங்கேயே தங்கிவிட்டவன். அந்தக் கூச்சமும் பசியும் எனக்குத் தெரியும்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மசாலாவை மருந்தாக நினைத்து வாங்காதீர்கள். குழம்பில் போடும் அரைக் கரண்டி மஞ்சள் நோயைத் தீர்க்காது. உடம்புக்கு நல்லது செய்வது காய்கறியும் பருப்பும்தான். அவற்றைத் தினமும் ஆசையாகச் சாப்பிட வைப்பதுதான் மசாலாவின் வேலை. காயும் பழமுமாக நாளுக்கு 400 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளைக்கிழங்கு அந்தக் கணக்கில் வராது. உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சிறு கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறது. நூடுல்ஸ் பொட்டலத்தில் வரும் தூளிலேயே அதில் கணிசமான பங்கு போய்விடுகிறது. சீரகமும் மிளகும் மணக்கும் சமையலில் உப்பைக் குறைத்தாலும் நாக்கு குறை சொல்லாது.

சீரகம், மிளகு, மஞ்சள்தூள், மல்லித்தூள், மிளகாய்த்தூள். இந்த ஐந்தும் முதல் மூன்று மாதத்துக்குப் போதும். சீரகத்தையும் மிளகையும் முழுதாக வாங்குங்கள், பொடித்தால் மணம் சீக்கிரம் போய்விடும். எதையும் சிறிய பொட்டலமாக வாங்கி, அடுப்புச் சூடு படாத இடத்தில் வையுங்கள்.

நீங்கள் உண்மையில் கற்றுக்கொள்ள வேண்டியது தாளிப்பு ஒன்றைத்தான். மசாலாவின் மணம் பெரும்பாலும் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் இறங்கும். கொதிக்கிற தண்ணீரில் தூளைக் கொட்டினால் பச்சை வாசனை அடிப்பது அதனால்தான். வாணலியில் இரண்டு சிறு கரண்டி எண்ணெய் விட்டு, மிதமான சூட்டில் ஒரே ஒரு சீரகத்தைப் போட்டுப் பாருங்கள். சும்மா கிடந்தால் பொறுங்கள். சுற்றிலும் சின்னக் குமிழ்கள் எழும்பினால் மீதியைப் போடலாம். விழுந்தவுடன் கறுத்தால் வாணலியை அடுப்பிலிருந்து இறக்கிவிடுங்கள். சீரகம் லேசாக நிறம் மாறி மணம் வந்ததும் வெங்காயம், ஒரு சிட்டிகை உப்பு. உப்பு நீரை இழுத்துவிடும், வெங்காயம் கருகாமல் வதங்கும். அது கண்ணாடி போல ஆனபின் தூள்களைப் போட்டு, உடனே ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து அரை நிமிடம் கிளறுங்கள். தூள் தீய்ந்தால் கசக்கும், அதை எதைக்கொண்டும் சரிசெய்ய முடியாது. பிறகு தக்காளி. ஓரங்களில் எண்ணெய் பிரிந்து வரும்போது அடித்தளம் தயார்.

இதை ஞாயிற்றுக்கிழமை ஒரே தடவையில் நிறையச் செய்து, சின்ன டப்பாக்களில் உறைய வையுங்கள். வார நாளில் ஒரு டப்பாவை எடுத்து, மைசூர்ப் பருப்பும் தண்ணீரும் ஒரு பிடி கீரையும் சேர்த்தால் இரவு உணவு முடிந்தது. அந்தப் பருப்பை ஊற வைக்க வேண்டாம், குக்கர் வேண்டாம், இருபது நிமிடத்தில் குழைந்துவிடும். உறைய வைத்த காய்கறியைக் குறைவாக நினைக்காதீர்கள். பறித்த சூட்டில் உறைய வைப்பதால் சத்து பெரிதாகக் குறைவதில்லை, நறுக்கும் நேரமும் மிச்சம்.

ராஜ்மா வாங்கினால் மட்டும் கவனம். இரவு முழுக்க ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே மெல்லிய சூட்டில் வேகவிட வேண்டும். பச்சை ராஜ்மாவில் இருக்கும் நச்சு குறைந்த சூட்டில் அழியாது. அரைவேக்காட்டில் தின்றால் கடும் வாந்தி வரும். டின்னில் வருவது வெந்தது, பயமில்லை.

சோற்றிலும் அப்படித்தான். வடித்த சோற்றை இரவு முழுக்க வெளியே விட்டு, காலையில் சுடவைத்துச் சாப்பிடுவது மாணவர் விடுதிகளில் சாதாரணமாக நடக்கிறது. வேகவைத்தாலும் சாகாத கிருமிவித்துகள் அரிசியில் உண்டு; அவை வெளிச்சூட்டில் பெருகிச் சுரக்கும் நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது. பரத்தி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள்.

கொத்தமல்லி வாங்கிய மூன்றாம் நாளே அழுகுகிறது என்றீர்கள். கழுவாமல், லேசாக ஈரமான காகிதத் துண்டில் சுற்றி டப்பாவில் வையுங்கள், ஒரு வாரம் நிற்கும். தண்டை எறியாதீர்கள், அதிலும் நல்ல மணம் உண்டு; பொடியாக நறுக்கி வெங்காயத்தோடு வதக்குங்கள். இலையை இறக்கியபின் தூவுங்கள். உலர்ந்த மூலிகை நேர்மாறானது, கொதிக்கும்போதே போட வேண்டும். பச்சிலையின் மூன்றில் ஒரு பங்கு போதும்.

இனி அந்தக் கூச்சம். வந்த முதல் மாதம் எண்ணெய் புகைய ஆரம்பித்த பிறகு காய்ந்த மிளகாயைப் போட்டேன். புகை எச்சரிக்கை மணி அலறியது; கட்டடம் முழுவதும் இரவு உடையோடு வாசலில் நின்றது. அதன்பின் இரண்டு வாரம் அடுப்புப் பக்கமே போகவில்லை, அந்த இரண்டு வாரமும் வீண். மின்விசிறியைப் போட்டு, சன்னலைத் திறந்து, மூடியைக் கையில் வைத்துக்கொண்டு தாளித்தால் அப்படி நடக்காது. எச்சரிக்கைக் கருவியைத் துணியால் மூடுகிறவர்களைப் பார்ப்பீர்கள், நீங்கள் அதைச் செய்யவே கூடாது. ஆள் குறைவான பின்மதியத்தில் ஆரம்பியுங்கள். யாராவது என்ன மணம் என்று கேட்டால் ஒரு கரண்டி எடுத்துக் கொடுங்கள். எனக்கு இங்கே கிடைத்த முதல் நண்பன் அப்படி வந்தவன்தான்.

உங்கள் அடுப்பு எந்த வகை என்று எழுதவில்லை. மின்தகடு அடுப்பு என்றால், அணைத்த பிறகும் நெடுநேரம் சூடாகவே இருக்கும். தாளிப்பு முடிந்ததும் வாணலியைப் பக்கத்துத் தகட்டுக்கு மாற்றிவிடுங்கள்.