எஸ்பிஐ கேஷ்பேக் கடன் அட்டையில் மாதம் 12,000 ரூபாய் செலவழிக்கிறேன்: அமேசானில் 4,000, மளிகைக் கடையில் 3,000, மின்கட்டணத்துக்கும் காப்பீட்டுக்கும் 5,000. 5 சதவீதமாக 600 ரூபாய் எதிர்பார்த்தேன், 230 ரூபாய்தான் கேஷ்பேக் வருகிறது. நான் பிரைம் உறுப்பினர். அட்டையை மாற்றலாமா?

மாற்றலாம். நீங்கள் தந்துள்ள செலவுக் கணக்குக்கு, ஆண்டுக் கட்டணம் இல்லாத அமேசான் பே ஐசிஐசிஐ அட்டையே பொருந்தும். எஸ்பிஐ கேஷ்பேக் அட்டையைப் புதுப்பிக்க வேண்டியதில்லை.

மாதம் 12,000 ரூபாய்க்கு 600 எதிர்பார்த்த இடத்தில் 230 மட்டும் வருவதற்குக் காரணம், மின்கட்டணமும் காப்பீட்டுப் பிரீமியமுமாகச் செல்லும் 5,000 ரூபாய்க்கு, இணையத்தில் கட்டினாலும், அந்த அட்டை கேஷ்பேக் தருவதில்லை என்பதாகவே இருக்க வேண்டும். அமேசானில் 4,000க்கு 5 சதவீதம் 200, மளிகைக் கடையில் 3,000க்கு 1 சதவீதம் 30. கணக்கு சரியாக வருகிறது. ஆண்டுச் செலவு 2 லட்சத்தை எட்டாததால் ஆண்டுக் கட்டணம் தள்ளுபடியாகாது. அந்த 999 ரூபாயும் ஜிஎஸ்டியும் போக, ஆண்டுக்கு வரும் 2,760இல் கையில் நிற்பது சுமார் 1,580தான்.

பிரைம் (அமேசானின் கட்டண உறுப்பினர் திட்டம்) உறுப்பினரான உங்களுக்கு அமேசான் பே ஐசிஐசிஐ அட்டையும் அதே 230ஐ ஆண்டுக் கட்டணமின்றித் தரும். பிரைமை விட்டுவிட்டால் அமேசானில் 3 சதவீதமாகக் குறையும். அப்போதும் ஆண்டுக்கு 1,800 கிடைக்கும்.

முடிவெடுக்கும் முன், கடைசி மூன்று மாத அறிக்கைகளில் மின்கட்டணம், காப்பீடு போன்றவை நீங்கலாக, அமேசான் அல்லாத இணையக் கொள்முதலை மட்டும் கூட்டிப் பாருங்கள். அது மாதம் 2,500 ரூபாயைத் தாண்டினால், அமேசான் மட்டுமின்றி மற்ற இணையக் கடைகளுக்கும் 5 சதவீதம் தரும் இப்போதைய எஸ்பிஐ அட்டையே இலாபம்.

வங்கிகள் இவ்விதிகளை அடிக்கடி மாற்றுவதால், விண்ணப்பிக்கும் நாளில் நிபந்தனைகளை மறுபடி படியுங்கள். எந்த அட்டையானாலும் நிலுவையை முழுமையாகக் கட்டிவிடுங்கள். ஒரு மாத வட்டியே பல மாதக் கேஷ்பேக்கை விழுங்கிவிடும்.