வெளிநாட்டு வேலை விசா: மதுரைப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டதும் என் பதிலும்

ஜெர்மனியில் பதினோரு வருஷம் மெஷின் டிசைன் வேலை பார்த்துட்டு இப்ப திருநகர்ல இருக்கேன். வெளிநாட்டுக்கு வேலைக்குக் கிளம்புற தம்பி தங்கச்சிகள் அனுப்பின கேள்விகள் நிறைய சேர்ந்துபோச்சு. எல்லாருக்கும் உதவும்னு இங்க மொத்தமா பதில் சொல்றேன்.

திருமங்கலம், மெக்கானிக்கல் இன்ஜினியர், 4 வருஷ அனுபவம்: அண்ணே, ஜெர்மனி வேலை விசா நிச்சயம்னு சொல்லி ஒரு ஏஜென்ட் நாலரை லட்சம் கேக்குறார். அப்பா நகையை அடகு வைக்கலாம்னு சொல்றாங்க. கட்டலாமா?

கட்டாதீங்க தம்பி. அப்பாகிட்ட இந்தப் பதிலை அப்படியே படிச்சுக் காட்டுங்க. விசா கொடுக்குறது தூதரகம். அதை நிச்சயம் பண்ணித் தர்ற அதிகாரம் வெளியாள் யாருக்கும் கிடையாது.

உங்களுக்குப் பொருந்துறது ப்ளூ கார்டு, அதாவது டிகிரி படிச்சவங்களுக்கான வேலை அனுமதி. அதுக்கு மூணு விஷயம் வேணும்: அங்கீகாரம் உள்ள டிகிரி, ஜெர்மன் கம்பெனியோட வேலை ஒப்பந்தம், அதுல குறிப்பிட்ட அளவு சம்பளம். 2025-ல பொதுவான வரம்பு வருஷத்துக்கு 48,300 யூரோ. இன்ஜினியர் மாதிரி ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கு 43,759.80 யூரோ. ஒவ்வொரு ஜனவரியிலும் இது மாறும். அதனால விண்ணப்பிக்கிற வருஷத்துக்கு என்ன தொகைன்னு பார்த்துக்கங்க.

டிகிரி செல்லுமான்னு பார்க்க அனபின்னு ஒரு இணையதளம் இருக்கு. காசு கிடையாது. உங்க பல்கலைக்கழகத்துக்கு நேரா 'எச் பிளஸ்'னு (அங்கீகாரம் உண்டுன்னு அர்த்தம்) இருக்கணும், உங்க படிப்பும் பட்டியல்ல இருக்கணும். ரெண்டும் இருந்தா அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து ஃபைல்ல வைங்க. படிப்பு பட்டியல்ல இல்லைன்னா ஜெட்-ஏ-பி-ன்னு சொல்ற ஜெர்மன் அரசு அலுவலகத்துல ஒப்பீட்டுச் சான்று வாங்கணும், அதுக்கு 208 யூரோ. விசா கட்டணம் 75 யூரோ. இதையெல்லாம் கூட்டிப் பார்த்துட்டு, மீதி எதுக்குன்னு அந்த ஏஜென்ட்கிட்ட கேளுங்க.

உண்மையான கஷ்டம் அந்த வேலை ஒப்பந்தத்தை வாங்குறதுதான். அதுக்கு மாசக்கணக்குல விண்ணப்பம் போடணும். நான் வாங்கினப்போ எட்டு மாசம் ஆச்சு.

மேலூர், சாஃப்ட்வேர் டெஸ்டர்: அண்ணே, மார்க் ஷீட்ல பேருக்கு முன்னாடி இனிஷியல் மட்டும் இருக்கு. பாஸ்போர்ட்ல அப்பா பேர் சர்நேம்னு போயிருச்சு. பிரச்சினை ஆகுமா?

நல்ல கேள்விம்மா. நம்ம ஊர்ப் பிள்ளைகள் அதிகமா மாட்டிக்கிறது இதுலதான். சர்நேம்னு ஒண்ணு நமக்குக் கிடையாது. அப்பா பேரோட முதல் எழுத்து இனிஷியல், அவ்வளவுதான். ஆனா பாஸ்போர்ட் விண்ணப்பத்துல இனிஷியல் போட முடியாது, விரிச்சுத்தான் எழுதணும். அங்கதான் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி எழுதிடுறாங்க.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். பத்தாவது மார்க் ஷீட்ல இனிஷியல் பேருக்கு முன்னாடி, டிகிரியில பேருக்குப் பின்னாடி, பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா. ஒரு அலுவலகத்துல ஃபைலைப் பார்த்த அம்மா மூணு காகிதத்தையும் மேசைமேல வரிசையா வச்சு, ஒவ்வொண்ணுலயும் பேனா முனையை வச்சு நிறுத்தி, "இது மூணு பேரா?"ன்னு கேட்டாங்க. கோபமே இல்லை, நிஜமாவே புரியாமத்தான் கேட்டாங்க. ஃபைல் திரும்பி வந்துருச்சு. வேலையில சேர வேண்டிய தேதி ஆறு வாரம் தள்ளிப்போச்சு. அந்த ஆறு வாரமும் வீட்டுல யாரும் சரியா சாப்பிடலை.

அதனால வேலை தேட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எல்லாக் காகிதத்தையும் தரையில பரப்புங்க: பாஸ்போர்ட், பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி, ஆதார், பிறப்புச் சான்றிதழ், கல்யாணம் ஆயிருந்தா பதிவுச் சான்றிதழ். ஒவ்வொரு எழுத்தா ஒப்பிடுங்க. 'தி'க்கு ஒண்ணுல ஆங்கில 'ஹெச்' இருக்கும், இன்னொண்ணுல இருக்காது. அதையும் விடாதீங்க. வித்தியாசம் இனிஷியலோட நின்னா, ரெண்டு பேரும் ஒரே ஆளைத்தான் குறிக்குதுன்னு நோட்டரி முன்னாடி ஒரு உறுதிமொழிப் பத்திரம் தயார் பண்ணி வைங்க. பேரே மாறியிருந்தா அரசிதழ்ல வெளியிட்டு மாத்துறதுதான் சரி. பாஸ்போர்ட்டுல திருத்தம்னா ரீ-இஷ்யூ விண்ணப்பம். நம்ம ரேஸ்கோர்ஸ் ரோடு பாஸ்போர்ட் ஆபீஸ் எல்லைக்குள்ளேயே முடிஞ்சிடும்.

சர்நேம் கட்டத்தைக் காலியா விட்டவங்களுக்கும் ஒரு வார்த்தை. 2022 நவம்பர்ல அமீரகம், ஒரே பேர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோட விசிட் விசாவுல வர முடியாதுன்னு அறிவிச்சது. அமெரிக்க விசாவுல அப்படிப்பட்டவங்களுக்கு முதல் பேர் இடத்துல 'எஃப்-என்-யூ'ன்னு அச்சாகும். முதல் பேர் தெரியாதுன்னு அதுக்கு அர்த்தம். அப்புறம் அங்க பேங்க், லைசென்ஸ்னு ஒவ்வொரு இடத்துலயும் விளக்கம் சொல்லிட்டே இருக்கணும்.

உசிலம்பட்டி, பி.எஸ்சி நர்சிங், 3 வருஷ ஐசியூ அனுபவம்: ஜெர்மன் ஏ1 முடிச்சிருக்கேன். இது போதும்னு சொல்றாங்களே அண்ணே?

போதாதும்மா. ஏ1-ங்கிறது மொழியில ஆரம்ப நிலை, பி1 நடு நிலை, பி2 அதுக்கும் மேல. நர்ஸுக்கு பி2 இல்லாம முழு அங்கீகாரம் கிடைக்காது. பி1-ஓட போய் அங்க பி2 முடிக்கிற வழி உண்டு. ஆனா அதுவரைக்கும் உதவியாளர் வேலையும் அதுக்கான சம்பளமும்தான். நம்ம படிப்புக்கும் அவங்க படிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறிச்சு ஒரு கடிதம் அனுப்புவாங்க. அதுக்கப்புறம் பயிற்சி, இல்லைன்னா ஒரு தேர்வு. நைட் டியூட்டியோட மொழி படிக்கிறது எவ்வளவு சிரமம்னு என் தங்கச்சியைப் பார்த்தே எனக்குத் தெரியும். ஒண்ணரை வருஷம்னு மனசுல வச்சுக்கங்க.

அனுப்புற நிறுவனம் ஒப்பந்தம் நீட்டினா, "நடுவுல விலகினா எவ்வளவு திருப்பிக் கட்டணும்"கிற வரியைத் தேடிப் படிங்க. தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில இருக்கு, அங்கயும் பதிவு பண்ணி வைங்க.

வாடிப்பட்டி, டிப்ளமோ: வேலை கிடைக்காமலேயே ஜெர்மனி போய்த் தேடலாமா?

2024 ஜூன்ல இருந்து அதுக்கு வாய்ப்பு அட்டைன்னு ஒண்ணு இருக்கு. ஜெர்மன் ஏ1 இல்லைன்னா ஆங்கிலம் பி2, அதோட படிப்பு, அனுபவம், வயசு, மொழி மாதிரி விஷயங்களுக்குக் கொடுக்குற புள்ளியில ஆறு வேணும். ஒரு வருஷம் தேடலாம், வாரம் 20 மணி நேரம் பகுதி நேர வேலையும் பார்க்கலாம். செலவுக்கு 2025 கணக்குல மாசம் 1,091 யூரோ வீதம் முன்கூட்டியே காட்டணும், ஒரு வருஷத்துக்கு 13,092 யூரோ. கடன் வாங்கி இதைக் காட்டுறதை நான் ஒத்துக்க மாட்டேன்.

அண்ணாநகர், 38 வயசு, அக்கவுண்ட்ஸ் மேனேஜர்: சார், கனடாவுக்கு ஜாப் ஆஃபர் லெட்டர் வாங்கித் தர்றேன், அதுல 50 புள்ளி ஏறும்னு சொல்றாங்க.

கனடாவுல குடியேற ஆளைப் புள்ளி போட்டுத் தேர்ந்தெடுக்குற முறைக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரின்னு பேர். 2025 மார்ச் 25-லயே அதுல ஜாப் ஆஃபர் புள்ளியை எடுத்துட்டாங்க சார். இன்னும் அதைச் சொல்லி விக்கிறவர்கிட்ட இருந்து விலகிடுங்க. 29 வயசு தாண்டினதும் வயசுப் புள்ளி வருஷா வருஷம் குறையும். 38-ல உங்களுக்குக் கைகொடுக்கக்கூடியது ஐஈஎல்டிஎஸ்ங்கிற ஆங்கிலத் தேர்வு மார்க்கும் பிரெஞ்சு மொழியும்தான்.

வடபழஞ்சி ஐடி பார்க்: அமெரிக்க வேலை விசா எச்-1பி-க்கு முயற்சி பண்ணலாமா?

2025 செப்டம்பர் 21-ல இருந்து, வெளிநாட்டுல இருக்குற ஆளுக்குப் புதுசா மனு போடுற கம்பெனி 1,00,000 டாலர் கட்டணும்னு உத்தரவு வந்துச்சு. அதுக்கு மேல, யாருக்கு வாய்ப்புன்னு முடிவு பண்ணக் குலுக்கலும் உண்டு. இப்போதைக்கு வேற நாட்டையும் சேர்த்துப் பாருங்க தம்பி.

சோழவந்தான், ஒரு அம்மா: என் மகன் வெல்டர். எட்டாவதுதான் படிச்சிருக்கான். டூரிஸ்ட் விசாவுல துபாய்க்கு வா, அங்க போய் மாத்திக்கலாம்னு கூப்பிடுறாங்க தம்பி.

அனுப்பாதீங்க அம்மா. பத்தாவது முடிக்காதவங்க பாஸ்போர்ட்ல 'ஈ-சி-ஆர்'னு முத்திரை இருக்கும். அப்படி இருந்தா வளைகுடாவுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வாங்கணும். அது தொந்தரவு இல்லை, அவனுக்குப் பாதுகாப்பு. அந்த வழியில போனா சம்பளம் எழுதின ஒப்பந்தம் அரசுகிட்ட பதிவாகும், 10 லட்ச ரூபா காப்பீடும் உண்டு. ரெண்டு வருஷத்துக்கு அதோட பிரீமியம் 275 ரூபாதான். டூரிஸ்ட் விசாவுல போனா இது எதுவுமே இல்லை. சம்பளம் கொடுக்கலைன்னா போய்க் கேக்க அவன் கையில ஒரு காகிதம் இருக்காது.

தாய்லாந்துக்குன்னு டூரிஸ்ட் விசாவுல போன தமிழ்நாட்டுப் பசங்களை மியான்மர்ல அடைச்சு வச்சு, ஆன்லைன் மோசடி வேலை செய்ய வச்சதும், அரசு மீட்டுக் கொண்டு வந்ததும் 2022-லேயே நடந்திருக்கு.

பதிவு பெற்ற ஏஜென்ட் அதிகபட்சமா 30,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும், மொத்தம் 35,400 ரூபாதான் வாங்கலாம், ரசீதும் கொடுக்கணும். அவங்க லைசென்ஸ் எண்ணைக் கேட்டு வாங்கி, மகனை மத்திய அரசோட ஈ-மைக்ரேட் இணையதளத்துல போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. எண் கொடுக்கத் தயங்கினாங்கன்னா பாஸ்போர்ட்டைக் கையில கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தா நாளைக்கே போய்த் திருப்பி வாங்கிருங்க அம்மா.