ஸ்டிக்கரை நம்பிப் பல்லடைக்காதீர்கள்

கேள்வி: ஏற்காட்டில் சிறிய பல் கிளினிக் நடத்துகிறோம். இரண்டு மாதத்தில் மூன்று பேருக்கு ஃபில்லிங் பெயர்ந்துவிட்டது. சேலத்திலிருந்து வந்த டீலரின் ஆள் க்யூரிங் லைட்டை (ஃபில்லிங்கை இறுக வைக்கும் நீல விளக்கை) ஒளி அளக்கும் மீட்டரில் வைத்துப் பார்த்து, 500 ரூபாய் வாங்கிக்கொண்டு 'ஓகே' ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார். நாங்களே சோதிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. நீங்கள்தான் சோதிக்கவும் வேண்டும்.

முதலில் லைட்டின் நுனியைச் சாய்த்துப் பாருங்கள். சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கிளினிக்கில் 'லைட் வீக்' என்று என்னிடம் கொடுத்த கருவியின் லென்ஸில் கடுகளவு கம்போசிட் (பல் நிறத்தில் அடைக்கும் பசை) இறுகிக் கிடந்தது. பிளாஸ்டிக் முனையால் மெல்ல நெம்பி எடுத்தேன். மீட்டர் (சதுர செ.மீ.க்கு மில்லிவாட் கணக்கில்) 450-லிருந்து 900-க்கு ஏறியது. டீலர் அவர்களிடம் புது லைட்டுக்கு அட்வான்ஸே வாங்கியிருந்தார்! பிளேடு மட்டும் போடாதீர்கள், லென்ஸ் கீறிவிடும்.

அடுத்து, ஸ்ட்ராவில் ஒரு விரல்கணு நீளம் வெட்டி, வெளியே கறுப்பு டேப் சுற்றி, உள்ளே கம்போசிட்டை அடைத்து, வழக்கமான 20 விநாடி மேலிருந்து காட்டுங்கள். உடனே வெளியே தள்ளி, அடியில் இறுகாமல் இளக்கமாக இருப்பதைச் சுரண்டுங்கள். மிஞ்சிய கெட்டித் துண்டின் நீளத்தில் பாதியைத்தான் நம்பலாம். 4 மி.மீ. நின்றால், பல்லில் ஒரு தடவை வைக்கும் அடுக்கு 2 மி.மீ.

மீட்டர் காட்டும் எண் சத்தியவாக்கு அல்ல. இரண்டு மீட்டர் வைத்தால் இரண்டு கணக்கு வரும். சொந்தமாக ஒன்று வாங்கி, லைட் புதிதாக இருந்தபோது காட்டிய அளவோடு மாதாமாதம் ஒப்பிட்டு நோட்டில் எழுதுங்கள். கால்வாசி குறைந்தால் நான் சும்மா விடமாட்டேன். ஒரு நாள் வந்து போகிறவரின் ஸ்டிக்கர் இதைச் சொல்லுமா? கிளினிக்கைச் சோதிக்க வரும் அதிகாரிகளும் லைசென்ஸ், கழிவுப் பதிவேடு என்று எல்லாம் கேட்கிறார்கள். நோயாளியின் வாயில் வேலை செய்யும் இந்த லைட்டை யாரும் கேட்பதில்லை. ஆற்றாமையாக இருக்கிறது.

ஒரு விதிவிலக்கு. பளிச்சென்ற வெள்ளை ஷேட் கம்போசிட் சிலவற்றுக்கு, 470 நானோமீட்டர் பக்கமுள்ள நீல ஒளி மட்டும் போதாது. 400 பக்கம் ஊதா ஒளியும் வேண்டும். மீட்டர் 1000 காட்டும், ஸ்ட்ராவில் அந்தக் கம்போசிட் சரியாக இறுகாது. அதனால் ஸ்ட்ரா சோதனையை நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு பிராண்டிலும், வெள்ளை ஷேட்டிலும் தனித்தனியாகச் செய்யுங்கள். இதைச் சொல்லாமலே 'எல்லாத்துக்கும் ஆகும் டாக்டர்' என்று விற்றுவிடுகிறார்கள்.

ஸ்ட்ராவில் எல்லாம் சரியாக வந்தால், லைட் பிடிக்கும் உதவியாளரைக் கவனியுங்கள். கண் கூசுகிறது என்று முகத்தைத் திருப்பினால் கையும் நகரும். ஒளி பல்லை விட்டுக் கன்னத்தில் விழும். ஆரஞ்சுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்து, நுனியைப் பார்த்துக்கொண்டே பிடிக்கச் சொல்லுங்கள்.