நாலு வயசுப் பையன் காக்காவை ‘தாத்தா’ என்கிறான். ஆச்சி சொல்வதுபோல் நாக்கில் வசம்பு தேய்த்தால் சரியாகுமா?

ஆகாது. ஆச்சி பேச்சை மீறத் தயக்கமாக இருக்கும், புரிகிறது. ஆனாலும் வசம்பை விட்டுவிடுங்கள், பிள்ளையின் நாக்குதான் எரியும்.

‘க’ சொல்ல நாக்கின் பின்பகுதி எழும்பி மேலண்ணத்தைத் தொட வேண்டும். உங்கள் பையன் நுனிநாக்கைப் பல்லில் வைத்துவிடுகிறான். அதனால் ‘க’ எல்லாம் ‘த’ ஆகிறது. மூன்று வயதுவரை இது சகஜம். நாலு வயதிலும் தொடர்ந்தால் காட்டிவிட வேண்டும். ‘மரம்’ ‘மயம்’ ஆவதற்கு இன்னும் பொறுக்கலாம், ர, ற பிந்தித்தான் வரும். ‘வாளப்பளம்’ என்பதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். திருநெல்வேலிப் பக்கம் பெரியவர்களே பலர் அப்படித்தான் பேசுகிறோம். அது வட்டார வழக்கு, குறைபாடு இல்லை.

முதலில் காதைப் பாருங்கள். சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருந்தாலே ஒலிகள் மங்கலாகத்தான் கேட்கும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டி, கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். பேச்சுப் பயிற்சி அதற்குப் பிறகு.

வீட்டில் அவன் “தாத்தா பறக்கு” என்றால், “ஆமாய்யா, காக்கா பறக்கு, கருப்புக் காக்கா” என்று இயல்பாகச் சொல்லுங்கள். “ஒழுங்காச் சொல்லுல” என்று அதட்ட வேண்டாம். விருந்தாளிகள் முன்னால் சொல்ல வைத்துச் சிரிப்பது வேண்டவே வேண்டாம். பிள்ளை வாயைத் திறக்கவே கூசும்.

முன்பு தெளிவாகச் சொன்ன சொற்களை இப்போது இழந்திருந்தால் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள்.