வாதாபியில் ‘நாம்’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

விடுமுறையில் குடும்பத்தோடு வேனில் கர்நாடகத்தின் பாதாமி, பட்டடக்கல், ஐஹொளே மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வந்தோம். பாதாமிதானே பழைய வாதாபி, நாம் வென்ற வாதாபியில் நிற்கிறோம் என்று நினைத்தபோது எனக்குச் சிலிர்த்தது. ஆனால் சாயங்காலத்துக்குள் எல்லாக் கோயிலும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிட்டது. காஞ்சியில் பார்த்ததையே மறுபடி பார்ப்பதுபோல இருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி. பாதாமி குகைகளுக்குப் படி ஏற முடியவில்லை, மற்ற இரண்டு ஊரிலும் வேனிலேயே இருந்துவிட்டார். போவதற்கு முன் என்ன படித்திருக்க வேண்டும்? வழிகாட்டி அவசியமா?

கே.

அன்புள்ள கே.,

வழிகாட்டி உங்கள் இஷ்டம். ஒரு நாளில் மூன்று ஊர் என்றால் கண் களைத்துப்போகும், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

என்னை நிறுத்தியது நீங்கள் எழுதிய ‘நாம்’. யார் அந்த நாம்? 642இல் பல்லவ மன்னன் மாமல்லன் நரசிம்மவர்மன் சாளுக்கியரின் தலைநகரான வாதாபியைப் பிடித்தான், ‘வாதாபி கொண்ட’ என்று பட்டம் சூடினான். பாதாமியிலேயே ஒரு பாறையில் அவன் கல்வெட்டு சிதைந்துபோய் இருக்கிறது. சரி. அதற்கப்புறம் ஒரு நூறு வருடத்துக்குள் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் பல்லவர் தலைநகரான காஞ்சியைப் பிடித்தானே, அது மட்டும் ஏன் நம் யார் வாயிலும் வருவதில்லை? ஜெயித்த பாதியை மட்டும் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறோம். படித்தவர்களே இப்படிப் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. உங்கள்மேலும் வந்தது.

கல்லூரியில் எங்கள் ஆசிரியர் ஒருமுறை காஞ்சி கைலாசநாதர் கோயிலுக்குக் கூட்டிப்போனார். மற்ற பையன்கள் சுற்றுமதிலின் சிறு சன்னதிகளில் பழைய வண்ணத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் என்னை மண்டபத்துத் தூண் ஒன்றின் பின்பக்கம் நிறுத்தி, “வாசி” என்றார். ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. “கன்னடம்டா” என்றார். விக்கிரமாதித்தன் வெட்டிவைத்தது. காஞ்சியை வென்று உள்ளே வந்தவன், ராஜசிம்மேச்வரத்தின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் அந்த இறைவனுக்கே திருப்பிக் கொடுத்த செய்தி. ராஜசிம்மேச்வரம் என்பது அந்தக் கோயிலேதான். அவர் விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக் காட்டினார், கல் சொரசொரவென்று இருந்தது. எனக்கு இன்றும் ஆச்சரியம் என்னவென்றால், பகைவன் வெட்டிய அந்த எழுத்தை ஊர்க்காரர்கள் யாரும் சுரண்டி எறியவில்லை. பல்லவர் திரும்ப எழுந்தார்கள், சோழர் வந்தார்கள், தூண் அப்படியே நிற்கிறது.

இப்போது பட்டடக்கல்லுக்கு வாருங்கள். அங்கே விரூபாட்சர் கோயிலைக் கட்டியவள் விக்கிரமாதித்தனின் ராணி லோகமகாதேவி. கணவன் காஞ்சியை மும்முறை வென்றதன் நினைவாகக் கட்டியதாகக் கல்வெட்டு சொல்கிறது. அந்த வெற்றிக்கு அவள் எழுப்பிய கோயில் எந்தச் சாயலில் இருக்கிறது? காஞ்சியின் சாயலில். அதே தென்னாட்டு விமானம், மதிலை ஒட்டி அதே மாதிரிச் சிறு சன்னதிகள். அங்குள்ள கல்வெட்டு ஒரு தச்சனைத் தென்திசையின் சூத்திரதாரி, அதாவது தலைமைச் சிற்பி, என்றே குறிப்பிடுகிறது. காஞ்சியைப் பார்ப்பதுபோல இருந்தது என்று எழுதினீர்களே, உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. அதைப் போய் அலுப்பு என்று நினைத்துவிட்டீர்கள். ஏன் இப்படி இருக்கிறது என்று ஒரு நிமிடம் நின்று கேட்டிருக்கலாம். பாதாமியில் சிலிர்த்த ‘நாம்’ பட்டடக்கல்லில் எங்கே போயிற்று?

ஐஹொளே பற்றி இன்னொரு நாள்.

அம்மா விஷயம்தான் மனதை விட்டுப் போகவில்லை. பாதாமியில் படி, ஒப்புக்கொள்கிறேன். பட்டடக்கல்லில் என்ன தடை? மலப்பிரபா கரையில் சமதரையில் புல்வெளி, பக்கத்தில் பக்கத்தில் கோயில்கள். கையைப் பிடித்து மெதுவாக நடத்திக் கூட்டிப்போயிருக்கலாமே ஐயா! அந்தக் கோயில்களில் இன்றும் பூசை நடப்பது விரூபாட்சருக்குத்தான். எதிரே கறுத்த பெரிய நந்தி, மேலே சிவப்புத் துணி போர்த்தியிருப்பார்கள். உள்ளே மண்டபத்துத் தூண்களில் ராமாயணமும் பாரதமும் சாண் சாணாகச் செதுக்கியிருக்கின்றன. சீதையைத் தூக்கிப்போகும் ராவணனை ஜடாயு மறிக்கிறது, பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடக்கிறார்.

அடுத்த முறை பட்டடக்கல் மட்டும் போங்கள், காலையிலேயே. அந்தத் தூண்களுக்குக் கீழே அம்மாவை உட்காரவைத்து, இது எந்தக் கதை என்று அவரிடமே கேளுங்கள்.